கிளைக்குள் கிளை: எக்ஸ்பாத், எக்ஸ்எஸ்எல்டி குறித்த வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்துள்ள கேள்விகள் பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளன. ஓர் உறுப்பு தன் பெயரிலேயே இன்னோர் உறுப்பைத் தனக்குள் கொண்டிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் எடுப்பது எப்படி என்பதே அந்தச் சிக்கல். வாசகர்கள் அனுப்பிய கோப்புகள் வெவ்வேறானவை என்பதால், எல்லாக் கேள்விகளையும் கீழே உள்ள சிறு கோப்புக்கு ஏற்ப மாற்றி அமைத்திருக்கிறேன். எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கும் வடிவம்; எக்ஸ்பாத் அதன் உறுப்புகளைப் பாதையால் சுட்டும் மொழி; எக்ஸ்எஸ்எல்டி அந்தக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி. இந்த இரு மொழிகளின் கட்டளைச் சொற்களையும் சார்புகளின் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். நிரலில் இடும்போது அவற்றை அந்தந்த மொழி வரையறுத்துள்ள எழுத்துகளிலேயே இட வேண்டும்.

<நூல்>
  <தலைப்பு>நீரியல்</தலைப்பு>
  <பகுதி எண்="1">
    <தலைப்பு>மழை</தலைப்பு>
    <பகுதி எண்="1.1">
      <தலைப்பு>மழைமானி</தலைப்பு>
      <பத்தி>...</பத்தி>
    </பகுதி>
    <பகுதி எண்="1.2">
      <தலைப்பு>பதிவேடு</தலைப்பு>
      <பத்தி>...</பத்தி>
    </பகுதி>
  </பகுதி>
  <பகுதி எண்="2">
    <தலைப்பு>ஆறு</தலைப்பு>
    <பகுதி எண்="2.1">
      <தலைப்பு>வெள்ளம்</தலைப்பு>
      <பத்தி>...</பத்தி>
    </பகுதி>
  </பகுதி>
</நூல்>

கேள்வி: பகுதிகளின் தலைப்புகள் அனைத்தையும் எடுக்க /நூல்/பகுதி/தலைப்பு என்று எழுதினேன், இரண்டு மட்டுமே கிடைத்தன. //தலைப்பு என்று மாற்றினால் ஆறு வருகின்றன. எனக்கு வேண்டியவை ஐந்து. எங்கே பிழை?

பதில்: இரண்டு பாதைகளும் நீங்கள் கேட்டதையே தந்திருக்கின்றன. ஒற்றைச் சாய்கோடு ஒரே ஒரு மட்டம் மட்டுமே கீழே இறங்கும். ஆகவே உங்கள் முதல் பாதை, நூலுக்கு நேர் பிள்ளையாக உள்ள பகுதிகளையும் அவற்றின் நேர் பிள்ளையாக உள்ள தலைப்புகளையும் மட்டுமே தொடுகிறது, 1.1, 1.2, 2.1 ஆகியவை ஒரு மட்டம் கீழே இருப்பதால் அவை அதன் கண்ணில் படுவதில்லை. இரட்டைச் சாய்கோடோ எந்த ஆழத்திலும் தேடும். ஆகவே நூலின் சொந்தத் தலைப்பான ‘நீரியல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது //பகுதி/தலைப்பு என்பதாகும். எந்த ஆழத்தில் இருந்தாலும் ஒரு பகுதி, அதன் நேர் பிள்ளையான தலைப்பு என்று இது பொருள்படும்; ஐந்தும் கிடைக்கும்.

//பகுதி//தலைப்பு என்று எழுதினாலும் இந்தக் கோப்பில் அதே ஐந்து கிடைக்கும். 1.1-இன் தலைப்பை, பகுதி 1 வழியாகவும் பகுதி 1.1 வழியாகவும் ஆக இரண்டு வழிகளில் அடையலாம் என்றாலும், பாதையின் விளைவில் ஒரு கணு (கோப்பின் மரத்தில் உள்ள உறுப்பு, பண்பு அல்லது உரைத் துண்டு) ஒருமுறைதான் இடம்பெறும். எனவே இரட்டிப்பு வராது. ஆனால் விளைவு இன்று ஒன்றாக இருப்பதை நம்பி இரண்டாவது இரட்டைச் சாய்கோட்டை எழுதிவிடாதீர்கள். நாளை ஒருவர் ஒரு பகுதிக்குள் <படம்> என்ற உறுப்பைச் சேர்த்து, அதற்கும் ஒரு <தலைப்பு> கொடுத்தால், படத்தின் தலைப்பும் பகுதித் தலைப்புகளின் வரிசையில் வந்து அமர்ந்துவிடும். ஆழம் உண்மையிலேயே தெரியாத இடத்தில் மட்டும் இரட்டைச் சாய்கோட்டை இட்டு, தெரிந்த இடத்தில் ஒற்றையை இடுவதே என் பரிந்துரை. பெரிய கோப்புகளில் இதற்கு வேகம் சார்ந்த காரணமும் உண்டு: இரட்டைச் சாய்கோட்டைக் கண்டால் மரம் முழுவதையும் அலச வேண்டிய நிலை செயலிக்கு (பாதையை இயக்கும் மென்பொருளுக்கு) நேரலாம். சில செயலிகள் இதைத் தாமே சீர்படுத்திக்கொள்ளும், எல்லாமும் அல்ல.

கேள்வி: தேர்ந்த ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சுற்று ஓடும் ஃபார்-ஈச் கட்டளையில் //பகுதி என்று தேர்ந்தெடுத்து, அதனுள் மதிப்பை எழுதும் வேல்யூ-ஆஃப் கட்டளையில் //தலைப்பு என்று கொடுத்தேன். ஐந்து முறையும் ‘நீரியல்’ என்றே அச்சாகிறது. ஃபார்-ஈச் வேலை செய்யவில்லையா?

பதில்: அது சரியாகவே வேலை செய்கிறது, இல்லையென்றால் ஐந்து வரிகள் வந்திருக்காது. ஃபார்-ஈச் ஒவ்வொரு சுற்றிலும் ‘இப்போது நிற்கும் கணு’ எது என்பதை மாற்றுகிறது. வழி கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் ‘அடுத்த திருப்பம்’ என்ற விடைக்குப் பொருள் உண்டு; எக்ஸ்பாத் பாதைகளும் அவ்வாறே. ஆனால் சாய்கோட்டில் தொடங்கும் பாதை, நீங்கள் நிற்கும் இடத்தைப் பொருட்படுத்தாமல் ஆவணத்தின் வேருக்கே போய்விடும். அங்கிருந்து கிடைக்கும் ஆறு தலைப்புகளில் ஆவண வரிசைப்படி முதலாவது ‘நீரியல்’. எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் வேல்யூ-ஆஃப் முதல் கணுவின் மதிப்பை மட்டுமே எழுதும். எனவேதான் ஐந்து முறையும் அதுவே வந்தது.

இதே நடைத்தாளை (எக்ஸ்எஸ்எல்டி நிரலை) 2.0 என்று பதிப்பிட்டு அதற்குரிய செயலியில் ஓட்டியிருந்தால், ஒவ்வொரு வரியிலும் ஆறு தலைப்புகளும் இடைவெளி விட்டு வந்திருக்கும். பிழை உடனே புலப்பட்டிருக்கும். அந்த வகையில் 1.0-இன் இந்த நடத்தை பிழைகளை மறைக்கும் இயல்புடையது.

திருத்தம் எளிது. உள்ளே வெறுமனே தலைப்பு என்று எழுதுங்கள். பேரப்பிள்ளைகளும் வேண்டுமென்றால் .//தலைப்பு என்று முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதுங்கள்; அந்தப் புள்ளி ‘நான் நிற்கும் இடத்திலிருந்து’ என்பதைக் குறிக்கிறது. பகுதி 1-இல் நின்று இப்படிக் கேட்டால் மழை, மழைமானி, பதிவேடு ஆகிய மூன்றும் தேர்வாகும்; 1.0-இன் வேல்யூ-ஆஃப் மட்டும் அவற்றில் முதலாவதையே எழுதும்.

கேள்வி: முதல் பகுதி மட்டும் வேண்டும் என்று //பகுதி[1] எழுதினால் மூன்று பகுதிகள் வருகின்றன. ஒன்று என்று கேட்டால் மூன்று தருவது முறையா?

பதில்: சதுர அடைப்புக்குள் உள்ள எண், பாதை முழுவதற்கும் உரியதன்று, அது ஒட்டியிருக்கும் கடைசிப் படிக்கு மட்டுமே உரியது. இரட்டைச் சாய்கோடு, வேரையும் அதன் கீழுள்ள எல்லாக் கணுக்களையும் முதலில் திரட்டிக்கொள்கிறது. பிறகு அவை ஒவ்வொன்றின் பிள்ளைகளிலும் முதல் பகுதி எது என்று தனித்தனியே பார்க்கிறது. நூலின் முதல் பகுதி 1, பகுதி 1-இன் முதல் பகுதி 1.1, பகுதி 2-இன் முதல் பகுதி 2.1. ஆக மூன்று. ஆவணம் முழுவதிலும் முதலாவது ஒன்றே வேண்டும் என்றால் (//பகுதி)[1] என்று பாதையை வளைவு அடைப்புக்குள் இட்டு, எண்ணை வெளியே வையுங்கள்.

கேள்வி: ‘வெள்ளம்’ என்ற உட்பகுதியைக் கொண்டிருக்கும் தாய்ப்பகுதியின் தலைப்பு வேண்டும். கீழே இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டுமா?

பதில்: ஏற வேண்டியதில்லை. சாய்கோடு இடம்பெயர்கிறது, சதுர அடைப்பு இடம்பெயராமல் சோதனை மட்டும் செய்கிறது. //பகுதி/பகுதி என்பது 1.1, 1.2, 2.1 ஆகிய பிள்ளைகளைத் தரும். //பகுதி[பகுதி] என்பதோ, பிள்ளைப் பகுதி உடைய 1, 2 ஆகிய தாய்களையே தரும். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் உள்ளடுக்குத் தரவில் பாதி வேலை முடிந்தது. உங்களுக்குரிய பாதை இது:

//பகுதி[பகுதி/தலைப்பு='வெள்ளம்']/தலைப்பு

விளைவு ‘ஆறு’. சோதனைக்குள் இருக்கும் பாதை எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அடைப்புக்குள் அடைப்பும் இடலாம். ஆனால் அங்கேயும் புள்ளியை மறக்கக் கூடாது. //பகுதி[.//தலைப்பு='வெள்ளம்'] என்று எழுதினால் 2, 2.1 ஆகிய இரண்டும் வரும், ஏனெனில் இரண்டின் உள்ளேயும் அந்தத் தலைப்பு இருக்கிறது. புள்ளியை விட்டுவிட்டு //பகுதி[//தலைப்பு='வெள்ளம்'] என்று எழுதினால் ஐந்து பகுதிகளும் வந்துவிடும்; ‘ஆவணத்தில் எங்காவது வெள்ளம் என்ற தலைப்பு உண்டா’ என்ற, எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விடையுள்ள கேள்வியாக அது மாறிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், இந்த வகைத் தவறைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

எண்களை வைத்துச் சோதிப்போருக்கு ஒரு சொல்: எண் என்ற பண்பை (உறுப்பின் தொடக்கக் குறிக்குள் உள்ள மதிப்பை) @எண்='1.1' என்று மேற்கோள் குறியுடன் எழுதுங்கள். குறியின்றி @எண்=1.1 என்று எழுதினால் பண்பின் மதிப்பு எண்ணாக மாற்றப்பட்டு ஒப்பிடப்படும், அப்போது 1.10 என்ற பகுதியும் 1.1 என்றே கொள்ளப்பட்டு உடன் வரும்.

கேள்வி: ‘மழைமானி’ என்ற உட்பகுதி இல்லாத பகுதிகளைக் கேட்க //பகுதி[பகுதி/தலைப்பு!='மழைமானி'] என்று எழுதினேன். அது இருக்கிற பகுதி 1-உம் வருகிறதே?

பதில்: கணுத் தொகுதியோடு ஒப்பிடும்போது, தொகுதியில் ஏதேனும் ஒரு கணு நிபந்தனைக்குப் பொருந்தினாலே போதும். பகுதி 1-இல் ‘பதிவேடு’ என்ற பிள்ளையும் இருக்கிறது. அது மழைமானி அல்ல. எனவே நிபந்தனை நிறைவேறுகிறது. பிள்ளையே இல்லாத பகுதிகளோ விடுபட்டும் போகின்றன. நாட் என்ற சார்பினுள் சமக்குறியிட்ட ஒப்பீட்டை வையுங்கள்: //பகுதி[நாட்(பகுதி/தலைப்பு='மழைமானி')]. இது பகுதி 1-ஐ விலக்கி மற்ற நான்கையும் தரும்.

கேள்வி: எத்தனை மட்டம் ஆழம் என்று முன்கூட்டியே தெரியாத கோப்பிலிருந்து உள்ளடுக்குப் பொருளடக்கம் உருவாக்க வேண்டும். ஃபார்-ஈச் உள்ளே ஃபார்-ஈச் என்று மூன்று மட்டம் வரை எழுதிவிட்டேன். நான்காவது மட்டம் வந்தால் மீண்டும் நிரலைத் திறக்க வேண்டியிருக்கிறது. இதற்கு முடிவு உண்டா? பொசிஷன் சார்பால் வரிசை எண் இட்டால் 1, 2 என்பதற்குப் பதிலாக 4, 6 என்று வருவதும் ஏன்?

பதில்: உண்டு. எக்ஸ்எஸ்எல்டி மொழி உருவாக்கப்பட்டதே இத்தகைய வேலைக்காகத்தான் என்றால் மிகையாகாது. தரவு தன்னைத் தானே உள்ளடக்கியிருக்கும்போது, அதைக் கையாளும் விதியும் தன்னைத் தானே அழைக்க வேண்டும். ஃபார்-ஈச் கட்டளைகளை நீக்கிவிட்டு இரண்டு டெம்ப்ளேட்டுகள் (குறிப்பிட்ட உறுப்பைச் சந்திக்கும்போது செயல்படும் விதிகள்) எழுதுங்கள்.

முதல் டெம்ப்ளேட் நூல் என்ற உறுப்புக்குப் பொருந்தட்டும். அது பட்டியலின் வெளிக்குறியை எழுதி, அதனுள், தேர்ந்த கணுக்களுக்குரிய டெம்ப்ளேட்டை ஓட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையைப் பகுதி என்ற தேர்வுடன் அழைக்கட்டும். இரண்டாவது டெம்ப்ளேட் பகுதி என்ற உறுப்புக்குப் பொருந்தட்டும். அது ஒரு பட்டியல் வரியைத் திறந்து, தலைப்பின் மதிப்பை எழுதி, பிறகு பகுதி என்ற சோதனையுடன் ஓர் இஃப் கட்டளையை இட வேண்டும். அந்தச் சோதனை தேறினால் உள்பட்டியல் ஒன்றைத் திறந்து, அதனுள் மீண்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையைப் பகுதி என்ற தேர்வுடன் அழைக்க வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைப் பகுதி இருக்கும்வரை அதே டெம்ப்ளேட் தன்னைத் தானே அழைத்துக்கொண்டு இறங்கும், இல்லாத இடத்தில் தானாக நின்றுவிடும். மூன்று மட்டமானாலும் முப்பது மட்டமானாலும் நிரல் மாறாது.

இதில் தேர்வைக் குறிப்பிடாமல் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையை வெறுமனே அழைத்தால், தலைப்புகளும் பத்திகளும் ஒட்டிக்கொண்டு பொருளடக்கத்தில் கொட்டும். இதற்குக் காரணம் மொழியில் உள்ளமைந்த விதிகள்: நீங்கள் டெம்ப்ளேட் எழுதாத உறுப்பைச் சந்தித்தால் செயலி அதன் பிள்ளைகளுக்கு இறங்கும், உரைக் கணுவைச் சந்தித்தால் அதை அப்படியே வெளியீட்டில் எழுதும். ‘எங்கிருந்தோ எழுத்துகள் வந்து விழுகின்றன’ என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே விடை.

அதே பகுதிகளைப் பொருளடக்கத்தில் ஒருவிதமாகவும் நூலின் உடலில் வேறுவிதமாகவும் காட்ட வேண்டியிருந்தால், டெம்ப்ளேட்டுக்கும் அதை அழைக்கும் கட்டளைக்கும் மோட் என்ற பண்பைக் கொடுத்து, அதன் மதிப்பாக பொருளடக்கம் என்று இடுங்கள். உள்ளிருந்து மீண்டும் அழைக்கும்போதும் அந்த மோட் பண்பை இட வேண்டும். பலர் இங்கே அதை விட்டுவிட்டு, முதல் மட்டம் மட்டும் சரியாக வருகிறது என்று எழுதுகிறார்கள்.

வெளி மட்டப் பகுதிகளுக்கு மட்டும் வேறு தோற்றம் வேண்டுமா? /நூல்/பகுதி என்று பொருந்தும் இன்னொரு டெம்ப்ளேட்டைச் சேருங்கள். வெறும் பெயருக்கு இயல்பான முன்னுரிமை 0. சாய்கோடு கொண்ட இந்த வடிவத்துக்கு 0.5. எனவே இரண்டும் பொருந்தும் இடத்தில் பின்னது வெல்லும். டெம்ப்ளேட்டின் பொருத்தத்தில் //பகுதி என்று எழுதுவோரும் உளர். அங்கே பகுதி என்றாலே எந்த ஆழத்தில் உள்ளதும் பொருந்திவிடும் என்பதால் அந்தச் சாய்கோடுகளால் பயனில்லை. போதாக்குறைக்கு அவை முன்னுரிமையை 0.5 ஆக உயர்த்தி, மற்ற டெம்ப்ளேட்டுகளோடு மோதலும் உண்டாக்கும்.

தலைப்பின் அளவை ஆழத்துக்கேற்ப மாற்ற, ஆன்செஸ்டர் அச்சில் (நிற்கும் கணுவிலிருந்து மேல்நோக்கிய மூதாதையர் திசையில்) உள்ள பகுதிகளை கவுன்ட் சார்பால் எண்ணுங்கள். எச்டிஎம்எல்-இல் தலைப்பு மட்டங்கள் 6 மட்டுமே என்பதால் அதற்கொரு வரம்பு வையுங்கள்.

வரிசை எண் குறித்தும் கேட்டிருந்தீர்கள். பொசிஷன் சார்பைப் பயன்படுத்தும்போது 1, 2 என்பதற்குப் பதிலாக 4, 6 என்று வருவதற்கு, தலைப்பு உறுப்போடு, உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களும் உரைக் கணுக்களாக எண்ணப்படுவதே காரணம். தேர்வில் பகுதி என்று குறிப்பிட்டால் இது தீரும். ஆனால் 1.1, 1.2 போன்ற அடுக்கு எண்களை நீங்களே கணக்கிட வேண்டாம். நம்பர் கட்டளையில் லெவல் பண்புக்கு மல்டிபிள் என்ற மதிப்பையும், கவுன்ட் பண்புக்குப் பகுதி என்ற மதிப்பையும் கொடுத்தால் மொழியே அவற்றை அமைத்துத் தரும். மூலக் கோப்பில் எண் என்ற பண்பே தேவைப்படாது.

கேள்வி: ஒரு பத்தியில் நின்றுகொண்டு, அது அடங்கியுள்ள வெளி மட்டப் பகுதியின் தலைப்பை எப்படி எடுப்பது?

பதில்: ஆன்செஸ்டர் அச்சு மேல்நோக்கி எண்ணும். எனவே ஆன்செஸ்டர்::பகுதி[1] என்பது உங்களுக்கு மிக அருகிலுள்ள பகுதி. எண்ணுக்குப் பதில் லாஸ்ட் சார்பை இட்டால் மிக வெளியிலுள்ள பகுதி. அதன் பின் /தலைப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவு அடைப்பு இட்டு (ஆன்செஸ்டர்::பகுதி)[1] என்று எழுதினால் கணக்கு தலைகீழாகும்: அடைப்புக்குப் பின் ஆவண வரிசையே செல்லும் என்பதால் வெளியிலுள்ள பகுதி முதலாவதாகிவிடும். அச்சின் பெயரில் ஆர்-செல்ஃப் என்று சேர்ந்திருந்தால் நீங்கள் நிற்கும் கணுவும் எண்ணிக்கையில் அடங்கும்.

கேள்வி: இவற்றைக் கற்க எந்தப் பதிப்பைப் பின்பற்றலாம்?

பதில்: உங்கள் செயலி எதை ஏற்கிறதோ அதை. எக்ஸ்பாத் 1.0, எக்ஸ்எஸ்எல்டி 1.0 இரண்டும் 1999 நவம்பர் 16 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரைகளாக வெளிவந்தன. இரண்டின் 2.0 பதிப்புகள் 2007-இலும், எக்ஸ்எஸ்எல்டி 3.0 பதிப்பு 2017-இலும் வந்தன. ஆயினும் பரவலாகப் பயன்படும் லிப்எக்ஸ்எஸ்எல்டி நிரலகம் 1.0 அளவிலேயே இருக்கிறது. பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் அதன் மேல் அமைந்தது என்பதால் அதற்கும் அதே எல்லைதான். புதிய பதிப்புகளுக்குப் பெரும்பாலோர் நாடுவது சாக்ஸன் செயலியை. குழுவாக்கும் வேலை உங்களுக்கு உண்டென்றால் அதற்காகவே 2.0-க்கு மாறலாம்: 1.0-இல் கீ கட்டளையையும் ஜெனரேட்-ஐடி சார்பையும் பிணைத்துச் செய்யும் மூன்கியன் உத்தியை, ஃபார்-ஈச்-குரூப் என்ற ஒரே கட்டளை தேவையற்றதாக்கிவிட்டது.

கேள்வி: பாதை சரியாக இருந்தும் ஒரு கணுவும் கிடைக்கவில்லை. கோப்பின் முதல் உறுப்பில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்ற பண்பு இருக்கிறது. அதுதான் காரணமா?

பதில்: அதுவேதான். அந்தப் பண்பு நூலையும் அதனுள் முன்னொட்டின்றி உள்ள எல்லா உறுப்புகளையும் ஒரு பெயர்வெளிக்குள் (ஒரே பெயருள்ள உறுப்புகளை முகவரியால் வேறுபடுத்தும் ஏற்பாட்டுக்குள்) வைத்துவிடுகிறது. எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாத பெயர் ‘எந்தப் பெயர்வெளியிலும் சேராத உறுப்பு’ என்றே பொருள்படும். எனவே பகுதி என்று நீங்கள் கேட்பது கோப்பில் இல்லாத வேறொன்று. நடைத்தாளின் தொடக்கத்தில் அதே பெயர்வெளி முகவரிக்கு ஒரு முன்னொட்டை, எடுத்துக்காட்டாக ‘நூ’ என்பதை, அறிவித்துக்கொண்டு /நூ:நூல்/நூ:பகுதி/நூ:தலைப்பு என்று ஒவ்வொரு படியிலும் இடுங்கள். முன்னொட்டு மூலக் கோப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் போதும். பண்புகளுக்கு இது பொருந்தாது: @எண் அப்படியே இருக்கட்டும்.

லோக்கல்-நேம் சார்பால் பெயர்வெளியைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும், ஆனால் இரண்டு பெயர்வெளிகளில் ஒரே பெயருள்ள உறுப்புகள் வந்தால் அது வேறுபாடு காணாது என்பதால், நிலையான நிரலில் அதை இட வேண்டாம். 2.0 முதல் எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்ற பண்பை நடைத்தாளில் ஒருமுறை அறிவித்துவிட்டு, முன்னொட்டின்றியே எழுதலாம்.

கேள்வி: உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயரிட்டால் செயலிகள் ஏற்குமா?

பதில்: ஏற்கும். எக்ஸ்எம்எல் 1.0 யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கிறது. மேலே உள்ள கோப்பு முறையான எக்ஸ்எம்எல் கோப்பே. ஓர் எச்சரிக்கை மட்டும்: ‘ொ’ போன்ற உயிர்க்குறிகளை ஒரே குறியீட்டாகவும், ‘ெ’, ‘ா’ என இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் எக்ஸ்பாத் குறியீடுகளையே ஒப்பிடுவதால் <பொருள்> என்ற உறுப்பு கண்ணெதிரே இருந்தும் //பொருள் என்ற பாதை வெறுங்கையுடன் திரும்பலாம். உரை மதிப்புகளை ஒப்பிடும்போது 2.0-இன் நார்மலைஸ்-யூனிகோடு சார்பு கைகொடுக்கும். உறுப்புப் பெயர்களிலேயே இந்தக் கலப்பு இருந்தால் கோப்பைச் செயலியிடம் கொடுக்கும் முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.